கதவு நிலையைப் பெயர்க்கும் முன் ஒரு திருப்புளி எடுங்கள்

கேள்வி:

வணக்கம் அண்ணா. புக்கிட் பாத்தோக்கில் 1989-இல் கட்டிய நாலறை மறுவிற்பனை வீட்டுக்கு இந்த ஆண்டு குடிவந்தோம். உள்ளே ஐந்து கதவுகள். படுக்கையறைக் கதவுகள் மூன்றும் மரம்: ஒன்று தரையில் உரசுகிறது, ஒன்றின் மேல்தோல் அடியில் உரிந்து நிற்கிறது, மூன்றாவது பெயிண்ட் மேல் பெயிண்டாகப் பார்க்கவே சகிக்கவில்லை. எங்கள் அறைக் கழிப்பறையின் இரும்பு நிலை அடியில் துருப்பிடித்துப் பொத்துப்போய்விட்டது. சமையலறைப் பக்கக் கழிப்பறையின் பிவிசி மடிப்புக் கதவு பாதிதான் திறக்கிறது. 76 வயது மாமியார் வாக்கரோடு போவது அந்தக் கழிப்பறைக்குத்தான். பார்க்க வந்த குத்தகையாளர், ஐந்தையும் நிலையோடு பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட 4,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்கிறார். பழைய நிலையில் புதுக் கதவு நிற்காதாம். எங்கள் கையில் இருப்பது 1,500. வீட்டுக்காரர் காணொளி பார்த்துத் தானே செய்துவிடுகிறேன் என்கிறார். ஐந்து வயது மகன் இருக்கிறான். தீபாவளிக்குள் முடிக்க வழி உண்டா?
– ஒரு வாசகி, புக்கிட் பாத்தோக்

பதில்:

சகோதரிக்கு வணக்கம். வழி உண்டு. 4,800 வெள்ளிக்கான வேலை உங்கள் வீட்டில் இல்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஐந்து நிலைகளில் ஒன்றுக்குத்தான் கோளாறு. அதையும் பெயர்க்காமல் சரிசெய்ய முடியும் என்றே நினைக்கிறேன்.

பழைய நிலையில் புதுக் கதவு தாராளமாக நிற்கும். கீல் பதியும் இடமும் நிலையின் கால்களும் திடமாக இருந்தால் போதும். பிறகு ஏன் அவர் அப்படிச் சொன்னார்? பெரும்பாலும் ஏமாற்றும் எண்ணம் இருக்காது. கதவும் நிலையும் பட்டறையிலிருந்து ஒரே செட்டாக வந்தால், வந்த ஆள் நிறுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். முப்பத்தைந்து ஆண்டுப் பழைய நிலை ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதற்கு ஏற்றபடி கதவை இழைத்துப் பொருத்தக் கை பழகிய தச்சர் வேண்டும், அரைநாள் வேண்டும். அவருடைய வசதிக்கு உங்கள் பணம் போகிறது, அவ்வளவுதான்.

நிலையைப் பெயர்ப்பதில் உண்மையான செலவு நிலைக்கு ஆவதல்ல. சுவருக்குள் பதித்துச் சாந்து பூசிய நிலையை எடுத்தால் சுற்றிலும் பூச்சு பெயரும். கழிப்பறை என்றால் ஓட்டின் (டைல்) விளிம்பும் உடையும். 1989-ஆம் ஆண்டு ஓட்டுக்கு இன்று சிங்கப்பூர் முழுக்கத் தேடினாலும் ஜோடி கிடைக்காது. அதைவிடப் பெரிய தலைவலி வாசற்படிக்கு அடியில் இருக்கிறது. கழிப்பறைத் தரைக்குக் கீழே போட்ட நீர்த்தடுப்புப் பூச்சு அந்தப் படியில்தான் மேலேறி நிற்கும். நிலையின் காலைப் பிடுங்கும்போது அது கிழிந்தால் கொஞ்ச நாளில் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரியும். கூரைக் கசிவைச் சரிசெய்வது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) விதிப்படி மேல்வீடு, கீழ்வீடு இருவருக்குமே பொறுப்பு. கதவு மாற்றப் போய்க் கழிப்பறையையே கட்டிய குடும்பங்கள் உண்டு. சுவரையோ ஓடுகளையோ உடைக்கும் வேலை என்றால் வீவகவின் பட்டியலில் பதிந்த குத்தகையாளர் வேண்டும், அனுமதியும் வேண்டும். 4,800 கேட்டவர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று வீவக இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்று மாலையே ஒரு காரியம் செய்யுங்கள். தட்டையான முனை உள்ள திருப்புளி ஒன்றை எடுத்துக்கொண்டு ஐந்து வாசலுக்கும் போங்கள். ஒவ்வொரு நிலையின் இரண்டு கால்களிலும், தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில், முனையை வைத்து அழுத்துங்கள். பிறகு கீல் இருக்கும் மூன்று இடங்களிலும் அதேபோல. நல்ல மரத்தில் சின்னத் தழும்புதான் விழும். இற்றுப்போன மரத்தில் முனை சத்தமில்லாமல் உள்ளே இறங்கும். உள்ளே வெற்றிடம் தெரிந்தாலோ, மண் பூசிய மெல்லிய கோடு நிலையோரம் ஏறினாலோ அது கரையான். அப்படியானால் கதவு வேலையை நிறுத்திவிட்டு முதலில் பூச்சி ஒழிப்பாளரைக் கூப்பிடுங்கள். கரையானை வைத்துக்கொண்டு புது மரம் போடுவது அதற்குச் சாப்பாடு போடுவதுதான். இரும்பு நிலையில் அழுத்தினால் போதாது, திருப்புளியின் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்கும் இடம் நல்ல இடம். பொத்தென்று கேட்டால் உள்ளே துரு. அந்தச் சத்தம் எந்த உயரத்தில் மாறுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

கையில் பணத்தை எடுக்கும் முன் நகர மன்றத்துக்கோ வீவகவுக்கோ ஒரு தொலைபேசி அழைப்பு. உங்கள் புளோக்கில் இல்ல மேம்பாட்டுத் திட்டம், எல்லாரும் ‘ஹிப்’ என்கிறார்களே அது, முடிந்துவிட்டதா, வரப்போகிறதா என்று கேளுங்கள். 2007-இல் தொடங்கியபோது 1986 வரை கட்டிய வீடுகளுக்குத்தான் அது இருந்தது. 2018-இல் 1987 முதல் 1997 வரை கட்டியவற்றுக்கும் நீட்டித்தார்கள்; உங்கள் 1989 அதற்குள் வருகிறது. புளோக்கில் வாக்களிக்கத் தகுதியுள்ள குடும்பங்களில் 75 விழுக்காட்டினர் சரி என்றால் வேலை நடக்கும். கழிப்பறையைப் புதுப்பிப்பது அதில் விருப்பத்துக்குரிய பகுதி. நாலறை வீட்டில் சிங்கப்பூர்க் குடிமக்கள் கொடுக்க வேண்டியது அந்தப் பகுதிக்கான செலவில் 7.5 விழுக்காடு மட்டும். வாசல் கதவையும் கம்பிக் கதவையும்கூட அதே கணக்கில் மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் இரும்பு நிலை இந்த நிலைமையில் இருப்பதைப் பார்த்தால் அந்த வேலை இன்னும் உங்கள் வீட்டுக்கு வரவில்லை என்றே தோன்றுகிறது. ஓரிரு ஆண்டில் வரும் என்று பதில் கிடைத்தால், இரண்டு கழிப்பறைக்கும் இப்போது நல்ல கதவு வாங்காதீர்கள். தரையும் சுவரும் உடைபடும்போது நீங்கள் போட்டது அப்படியே நிற்கும் என்று நம்ப முடியாது. பாதுகாப்புக்கு எது அவசியமோ அதை மட்டும் மலிவாகச் செய்துகொண்டு காத்திருங்கள். ஏற்கெனவே முடிந்துவிட்டது, அல்லது இப்போதைக்கு இல்லை என்றால் கீழே நான் சொல்வது முழுதும் பொருந்தும்.

படுக்கையறைக் கதவுகளில் செலவு அதிகம் வராது, உழைப்புதான்.

உரசும் கதவை இழைப்பதற்கு முன், ஏன் உரசுகிறது என்று பாருங்கள். கதவைச் சாத்தி மேல்விளிம்பின் இடைவெளியைக் கவனியுங்கள். பூட்டுப் பக்கம் இடைவெளி அகன்று, கீல் பக்கம் குறுகிக்கொண்டே போனால் கதவு தொங்கிவிட்டது என்று பொருள். மேல்கீலின் திருகாணிகள் பிடி விட்டிருக்கும். திருகாணியை முடுக்கினால் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? அதைக் கழற்றி, அந்தத் துளைக்குள் சாத்தே குச்சியோ சாப்ஸ்டிக்கோ மரப்பசை தோய்த்து இறுக்கமாகத் திணித்து, மட்டமாக நறுக்கி, மறுநாள் அதே இடத்தில் திருகாணியை ஏற்றுங்கள். கொஞ்சம் நீளமான திருகாணியாக இருந்தால் இன்னும் நல்லது. பல வீடுகளில் ‘கதவு கெட்டுப்போச்சு’ என்பது இந்த ஒரு திருகாணிதான்.

இடைவெளி மேலே சீராக இருந்து கீழே மட்டும் உரசினால், முன்பு இருந்தவர் பழைய தரைமேல் வினைல் பலகை ஒட்டியிருப்பார், தரை உயர்ந்துவிட்டது. அப்போது அடியை அறுக்கத்தான் வேண்டும். ஆனால் அளவு உண்டு. கதவின் நடுவே விரலால் தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்கிறதா? அப்படியானால் இருபக்கமும் பிளைவுட், உள்ளே வெற்றிடம், விளிம்பைச் சுற்றி மட்டும் ஒரு மரச்சட்டம் கொண்ட கதவு அது. ஒரு சென்டிமீட்டர் எடுத்தால் ஒன்றும் ஆகாது. அந்தச் சட்டம் முழுவதும் போகும் அளவுக்கு அறுத்தால் அடி திறந்துகொள்ளும். பிறகு உள்ளே வேறு மரத்துண்டு செருகி ஒட்ட வேண்டிவரும். அறுக்கும் கோட்டின்மேல் மறைப்பு நாடா ஒட்டிக் கத்தியால் ஆழமாகக் கீறிவிட்டு அறுத்தால் மேல்தோல் சிலும்பாது.

இப்போது மேல்தோல் உரிந்த கதவு. கதவின் அடியில் ஒரு கைக்கண்ணாடியைச் செருகி, விளக்கடித்துப் பாருங்கள். பெயிண்ட் படாத வெறும் மரம் தெரியும், பந்தயமே கட்டலாம். முன்பக்கம், பின்பக்கம் மூன்று கோட் அடிக்கும் ஆள் அடிவிளிம்பைத் தொடுவதே இல்லை, கண்ணுக்குத் தெரியாதே. தரை துடைக்கும் மாப்பின் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடிப்பது அந்த விளிம்புதான். உரிந்த தோலைத் தூக்கி உள்ளே தொட்டுப் பாருங்கள். மரம் உறுதியாக இருந்தால், மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் நன்றாகக் காயவிட்டு, தண்ணீர் தாங்கும் மரப்பசை வைத்து, இருபக்கமும் பலகை கொடுத்துக் கவ்வியால் இறுக்கி ஒருநாள் விட்டுவிடுங்கள். கிழிந்துபோன பகுதி பெரிதாக இருந்தால் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு இருபக்கமும் அலுமினியத் தகடோ லேமினேட் பட்டையோ ஒட்டி மறைக்கலாம். வாக்கர் இடிக்கும் வீட்டில் அந்தப் பட்டை எப்படியும் உதவும். உள்ளே மரம் தேநீரில் நனைத்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தால் அந்தக் கதவை விட்டுவிடுங்கள். அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம்.

மாற்றும்போது நிலையின் உட்புற அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து மிகக் குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கதவைத் தூக்கி எறியாமல் புதியதன்மேல் படுக்கவைத்துக் கீல் இடத்தையும் பூட்டு இடத்தையும் அதிலிருந்தே குறித்தால் நிலையில் ஒரு புதுத் துளைகூடப் போட வேண்டியிருக்காது. மூன்றடிக்கு ஏழடி அளவில் சாதாரண லேமினேட் கதவு, பொருத்தும் கூலியோடு 300 முதல் 400 வெள்ளிக்குள் கேட்கிறார்கள். சுங்கை காடூட், காக்கி புக்கிட் பக்கம் நேரில் போய்த் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். படத்தில் எல்லாக் கதவும் தேக்கு மாதிரிதான் தெரியும். ஜோகூரில் மலிவு என்பார்கள். பொருள் வாங்குவது உங்கள் விருப்பம், ஆனால் வேலை அனுமதி இல்லாத ஆளை அங்கிருந்து கூட்டிவந்து பொருத்தச் சொல்வது சட்டப்படி குற்றம்.

பெயிண்டைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறேன், வீட்டில் சின்னப் பையன் இருப்பதால். சிங்கப்பூரில் விற்கும் பெயிண்டில் ஈயத்தின் அளவை 2022 தொடக்கத்திலிருந்து பத்து லட்சத்தில் 90 பங்கு என்று கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். உங்கள் கதவின் அடிப்பூச்சு அதற்கு வெகுகாலம் முந்தியது. அதில் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். காய்ந்த நிலையில் மெஷின் போட்டுத் தேய்க்கவே கூடாது. அந்தத் தூள் வீடு முழுக்கப் படியும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள் வாங்கி ஈரமாகவே தேயுங்கள். நல்ல முகக்கவசம் அணியுங்கள். பையனை அன்று பாட்டியோடு வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள், அல்லது உறவினர் வீட்டுக்கு அனுப்புங்கள். முடிந்ததும் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். எல்லாப் பூச்சையும் மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டியதில்லை. கெட்டியாக ஒட்டியிருப்பது இருக்கட்டும். பளபளப்பு போகும் அளவுக்குத் தேய்த்தால் போதும்.

பிறகு பள்ளங்களுக்குப் புட்டி, ஒரு கோட் பிரைமர், அதன்மேல் தண்ணீரில் கரையும் எனாமல் இரண்டு கோட். அடிவிளிம்பையும் மேல்விளிம்பையும் முதலில் அடியுங்கள், மறக்காது. இங்கே காற்றில் ஈரம் 80 விழுக்காட்டுக்கு மேல் நிற்பது சாதாரணம் என்பதால், டின்னில் போட்டிருக்கும் நேரத்தைவிடக் கூடவே காயவிடுங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அன்றிரவே கதவைச் சாத்தினால் நிலையோடு ஒட்டிக்கொண்டு, காலையில் திறக்கும்போது பெயிண்ட் உரிந்து வரும். இரண்டு மூன்று நாள் திறந்தே கிடக்கட்டும். கதவைக் கழற்றிப் படுக்கவைத்து அடிப்பது நல்லதுதான், ஆனால் பொதுத் தாழ்வாரத்தில் வேண்டாம். வரவேற்பறையில் நாளிதழ் விரித்து அடியுங்கள். மூன்று கதவையும் ஒரே நாளில் கழற்றாமல் வாரம் ஒன்றாக எடுத்தால் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு தொடங்கினாலே போதும்.

அடுத்து அந்த இரும்பு நிலை. பென்சில் கோடு போடச் சொன்னேனே, அது அடிக்கீலுக்குக் கீழேயே நின்றால் பயப்பட ஒன்றுமில்லை. கதவின் பாரத்தைத் தாங்குவது கீல் இருக்கும் பகுதி. அதற்குக் கீழே உள்ள காலைச் சரிசெய்துவிடலாம். உதிரும் துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, துருவை மாற்றும் திரவம் தடவிக் காயவிட்டு, ஓட்டையை எப்பாக்ஸி புட்டியால் அடைத்து, துத்தநாகப் பிரைமர், எனாமல் என்று போகலாம். ஓட்டை பெரிது என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டை நிலையின் வடிவத்துக்கே மடித்துக் காலுக்குச் சப்பாத்து மாட்டினாற்போல் ஒட்டிவிடுவார்கள். எதைச் செய்தாலும் கடைசியில் நிலையும் ஓடும் சேரும் இடத்தில் பூஞ்சை பிடிக்காத சிலிகான் இழுக்காவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடி துரு வரும். கோடு அடிக்கீலைத் தாண்டிவிட்டாலும் பெயர்க்கத் தேவையில்லை. கழிப்பறை மடிப்புக் கதவுகள் தமக்கென்று மெல்லிய அலுமினிய அல்லது பிவிசி சட்டத்தோடு வருகின்றன. பழைய நிலைக்குள், துரு இல்லாத மேல்பகுதியில் திருகாணி பிடிக்கும்படி அதைப் பொருத்தலாம். வாசல் சில சென்டிமீட்டர் குறுகும். உங்கள் அறைக் கழிப்பறையில் அது பெரிய நட்டமில்லை.

மாமியார் பயன்படுத்தும் வாசலில் அது பெரிய நட்டம். ஐந்து கதவில் நான் முதலில் பணம் போடச் சொல்வது இதற்குத்தான். வாக்கரின் கால்கள் அகன்று நிற்கும் இடத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு வாசலில், கதவை முழுதும் திறந்து வைத்து, மிஞ்சும் இடத்தை அளங்கள். மடிப்புக் கதவு திறந்திருந்தாலும் அதன் மடிப்பு வாசலுக்குள்ளேயேதான் நிற்கும். ஏறத்தாழ ஒரு கை அகலம் அங்கேயே போய்விடும். கதவு பாதிதான் திறக்கிறது என்றீர்கள். மேலே உள்ள தண்டவாளத்தில் உருளி நழுவியிருக்கவோ கீழ் முளை உடைந்திருக்கவோதான் வாய்ப்பு. இரண்டும் சில வெள்ளிக்கு ஜாலான் புசார் இரும்புக் கடைகளில் கிடைக்கும். சரிசெய்த பிறகும் வாக்கர் நேராக நுழையவில்லை என்றால், ஒருபக்கம் சறுக்கிக்கொண்டே திரும்பும் வகைக் கதவைப் பாருங்கள். விலை சாதாரண பிவிசி மடிப்புக் கதவைப்போல இரண்டு மடங்குக்குக் குறையாது, ஆனால் வாசல் கிட்டத்தட்ட முழுதாகக் கிடைக்கும்.

எந்தக் கதவானாலும், உள்தாழ்ப்பாளை வெளியிலிருந்து காசு வைத்துத் திருப்பித் திறக்கும்படி இருக்க வேண்டும். உள்பக்கம் மட்டும் திறக்கும் கதவு அந்தக் கழிப்பறைக்கு வேண்டவே வேண்டாம். வயதானவர் உள்ளே விழுந்தால் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், திறந்து தூக்க முடியாது. மூத்தோருக்கான வீவகவின் ‘ஈஸ்’ திட்டத்தில் கைப்பிடிக் கம்பியும் வழுக்காத தரைப்பூச்சும் மானிய விலையில் கிடைக்கும். 65 வயது தாண்டியவர் வீட்டில் இருந்தாலே விண்ணப்பிக்கலாம். கதவு வேலைக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

வீட்டுக்காரர் செய்யட்டும், தாராளமாக. கீல், புட்டி, பெயிண்ட், துரு சுரண்டுவது எல்லாம் பொறுமையுள்ள எவரும் செய்யக்கூடியவை. கழிப்பறைக் கதவு பொருத்துவதை மட்டும் ஆளிடம் விடச் சொல்லுங்கள். சட்டம் இரண்டு மில்லிமீட்டர் கோணலானாலும் மடிப்புக் கதவு சிக்கும். இன்னொன்று, வார இறுதி என்றதும் ஞாயிற்றுக்கிழமை கிரைண்டரை ஓட்டிவிடப் போகிறார். ஞாயிறும் பொது விடுமுறையும் வீவக வீடுகளில் புதுப்பிப்பு வேலைக்கு ஆகாது. சாதாரண வேலை திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6 வரை. உடைக்கும், அதிரும் வேலை வாரநாளில் 9 முதல் 5 வரை மட்டுமே.

பணக் கணக்கு. மூன்று படுக்கையறைக் கதவுகளுக்கும் பெயிண்ட், பிரைமர், புட்டி, புதுக் கீல், கைப்பிடி எல்லாம் சேர்த்து 200 வெள்ளிக்குள் அடங்கும். ஒன்றை மாற்றியே ஆக வேண்டும் என்றால் இன்னொரு 400. இரும்பு நிலை உங்கள் வீட்டுக்காரர் கையால் என்றால் பொருளுக்கு 100 போதும். மிச்சம் 800 மாமியார் கழிப்பறைக்கு இருக்கட்டும். அவ்வளவு ஆகாது என்றுதான் நினைக்கிறேன். வாசல் கதவையும் சேர்த்துச் செய்துவிடலாம் என்று யாராவது தூண்டினால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் தீத்தடுப்பு விதிகள் உண்டு, சும்மா அழகான கதவாகப் பார்த்து மாற்ற முடியாது.

கழிப்பறைக் கதவுக்கு விலை கேட்கும்போது மூன்று பேரிடம் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். அதில் ‘பழைய நிலை அப்படியே இருக்கும், ஓடு உடைக்கப்படாது’ என்ற வரி இருக்க வேண்டும். பழைய கதவை யார் எடுத்துப்போவது, 9 விழுக்காட்டு பொருள் சேவை வரி விலைக்குள் அடங்குமா, பொருத்திய பிறகு வாசலில் மிஞ்சும் அகலம் எத்தனை சென்டிமீட்டர் என்பதும் எழுத்தில் வரட்டும். முன்பணம் பாதிக்கு மேல் கேட்டால் அடுத்தவரைப் பாருங்கள்.